காற்றாலைக்கு நிலம் பார்ப்பது எப்படி? வரைபட வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தலில் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். ஊரில் காற்றாடி என்பார்கள், சிலர் ஃபேன் என்பார்கள். எந்த வயலில் எதை நடுவது என்று முடிவாவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் வரைபட வேலை நடக்கும். அதுதான் என் தொழில். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில்தான் அதிகம் அலைந்திருக்கிறேன். ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி வரைபட வேலை படிக்கிற மாணவர்கள், நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், பணம் போட நினைக்கிறவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கே காற்று அடிக்கும் என்று ஊர்க்காரருக்கே தெரியுமே. வரைபடம் எதற்கு?

தெரியும்தான். பணகுடியில் யாரைக் கேட்டாலும் மேல்காற்று எப்போது தொடங்கும், எப்போது அடங்கும் என்று மாதம் சொல்லிவிடுவார்கள். ஒற்றையாக நிற்கும் உடைமரம் கிழக்குப் பக்கம் சாய்ந்து, மேற்குப் பக்கக் கிளைகள் குட்டையாகிப் போயிருந்தால் அங்கே வருடா வருடம் ஒரே திசையில் பலத்த காற்று அடிக்கிறது என்று அர்த்தம். நான் இன்றைக்கும் களத்துக்குப் போனால் முதலில் மரத்தைத்தான் பார்ப்பேன்.

தமிழ்நாட்டின் காற்றுக்கு ஒரு எளிய கதை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மலை விட்டுக்கொடுக்கிற இடங்களில் மட்டும் பிதுங்கிக்கொண்டு உள்ளே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைப்பேட்டைக்கு. கம்பம் கணவாய் வழியாகத் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசி, சுரண்டை, கயத்தாறுக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல், ராதாபுரத்துக்கு. குற்றாலத்தில் சாரல் போடுகிற அதே காற்றுதான் ஈரத்தை இறக்கிவிட்டுக் கயத்தாறு வெட்டவெளியில் காற்றாலையைச் சுற்றுகிறது.

ஆக, எந்த வட்டாரம் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த வயல் என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் குன்றுக்குப் பின்னால் போனால் காற்று கலங்கிவிடும். பக்கத்து வயலில் ஏற்கெனவே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கலாம். நிலம் கோயில் பேரில் இருக்கலாம். ஒரு மாவட்டத்தில் லட்சக்கணக்கான உட்பிரிவுகள். அத்தனையையும் நடந்து பார்க்க ஆயுள் போதாது. நடக்க வேண்டிய இடத்தை ஐம்பதாகவோ நூறாகவோ குறைத்துத் தருவதுதான் வரைபடத்தின் வேலை.

காற்று வரைபடம் எங்கே கிடைக்கும்? அதை எவ்வளவு நம்பலாம்?

இலவசமாகவே கிடைக்கிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தும் குளோபல் விண்ட் அட்லஸ் தளத்தில் 10 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை ஐந்து உயரங்களுக்கான சராசரி வேகத்தை 250 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நம் நாட்டுக்கு என்று சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தனியாக வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் மதிப்பீட்டில் 120 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் காற்று வளம் 68.75 கிகாவாட், இந்தியா முழுமைக்கும் 695.5 கிகாவாட்.

இந்த வரைபடங்களுக்கு அடியில் ஒரு நீண்ட உழைப்பு இருக்கிறது. பீர்மேட்டில் பிறந்த வானிலை அறிஞர் அன்னா மாணிதான் நாடு முழுக்கக் காற்றை அளந்து தொகுக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1986-இல் செயல்விளக்கமாக நட்ட முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து முள்ளக்காட்டில் அமைந்தது. மற்றவற்றில் குஜராத்தின் ஓகாவும் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியும் உண்டு. தரையில் அளந்தவர்கள் இருந்ததால்தான் இன்றைக்குக் கணினி மாதிரிகளைச் சரிபார்க்க முடிகிறது.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். சமவெளியில் இந்த வரைபடங்கள் நல்ல வழிகாட்டி. கணவாய் வாயிலிலும் மலையடிவாரத்திலும் கவனமாக இருக்க வேண்டும். மலை எங்கே முடிகிறது, காற்று எங்கே விரிகிறது என்பது அங்கே சில நூறு மீட்டரில் மாறிவிடும். 250 மீட்டர் கட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் அங்கே கிடைக்கும் எண்ணைப் பொருட்படுத்துவதைவிட, இந்த இடம் அந்த இடத்தைவிட மேலா என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

வினாடிக்கு 6 மீட்டர், 7 மீட்டர் என்பதில் பெரிய வித்தியாசம் என்ன இருக்கப் போகிறது?

காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஆறின் மும்மடி 216, ஏழின் மும்மடி 343. ஒரே ஒரு மீட்டர் கூடினால் காற்றின் ஆற்றல் 59 சதவீதம் ஏறிவிடுகிறது. முழுத் திறனை எட்டியபின் எந்திரம் அதற்குமேல் எடுக்காது என்பதால் மின்சாரம் அதே அளவு கூடாது. ஆனாலும் ஒரு திட்டம் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு மீட்டர் போதும்.

உயரமும் அப்படித்தான். தரையை ஒட்டிச் செடி, வீடு, வரப்பு எல்லாம் காற்றைப் பிடித்து இழுக்கும்; மேலே போகப் போக வேகம் கூடும். ஏழில் ஒரு பங்கு என்ற அடுக்கை வைத்துப் போடும் வழக்கமான கணக்கின்படி, 30 மீட்டர் உயரத்தில் வேகம் வினாடிக்கு 5.5 மீட்டர் இருந்தால் 120 மீட்டர் உயரத்தில் 6.7 கிடைக்கும். தொண்ணூறுகளில் 30 மீட்டர் கோபுரத்துக்கு ஒத்துவராது என்று விட்ட இடங்களை இன்றைக்கு ஆட்கள் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

என்ன மென்பொருள் வேண்டும்?

கியூஜிஐஎஸ் போதும். இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும், தமிழ் எழுத்தும் சரியாக வரும். காற்றோட்டத்தை நுணுக்கமாகக் கணக்கிட டென்மார்க்கிலிருந்து வந்த வாஸ்ப் போன்றவை உண்டு, அவற்றுக்குக் காசு. இடத்தைக் கழித்துக் கட்டுகிற கட்டத்தில் அது தேவைப்படாது.

எந்தெந்த லேயர் சேர்க்க வேண்டும்?

லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வரைபடத் தாள் போல, ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தகவல். காற்றுக்கு அடுத்தபடி நில உயரம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றிவந்து ரேடாரில் அளந்த தரவு 30 மீட்டர் கட்டமாகக் கிடைக்கிறது. அதைவிடப் புதியது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தரவு. இரண்டும் அளப்பது மரத்தலை, கூரை சேர்ந்த உயரத்தை. அடர்ந்த பனங்காடு சின்ன மேடாகத் தெரியும், ஏமாறக் கூடாது. இதிலிருந்து சரிவு, மழைநீர் ஓடும் வழி இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வீடுகள், சாலை, ரயில் பாதை, உயரழுத்த மின்பாதை, துணை மின்நிலையம், நீர்நிலைகள், காப்புக்காடு, சரணாலயம், விமான நிலையம், ராணுவ இடங்கள், ஏற்கெனவே நிற்கும் காற்றாலைகள். கடைசியாக நிலப் பயன்பாடு. இஸ்ரோவின் புவன் தளத்தில் அது கிடைக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 10 மீட்டர் நிலப்போர்வை வரைபடமும் உண்டு. ஆனால் அந்த லேயரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

எல்லா லேயரையும் ஏற்றினேன். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லையே?

தமிழ்நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும் தலைவலி. பூமியைப் பட்டை பட்டையாக, மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யு.டி.எம். முறையில் ஒரு மண்டல எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், மாநிலத்துக்கு நடுவிலேயே போகிறது. முப்பந்தலும் கயத்தாறும் 43-ஆம் மண்டலம். தூத்துக்குடி நகரமும் மதுரையும் 44. ஒரே மாவட்டத்தின் இரண்டு பக்கத்துக்கு இரண்டு மண்டலம். 44-இல் எடுத்த புள்ளிகளை 43 என்று படித்தால் காற்றாலைகள் அரபிக்கடலில் போய் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவுடன் திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தப்புதான் ஆபத்து. பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை அடிப்படையாக வைத்து வரைந்தவை, இன்றைய ஜி.பி.எஸ். வேறு அடிப்படை. மாற்றாமல் போட்டால் எல்லாம் ஒன்றிரண்டு வயல் தள்ளி விழும். பெரிதாகத் தெரியாது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து வாங்கிய நீர்நிலை லேயரை அப்படியே நம்பி ஒன்பது இடங்களைக் குறித்துக்கொண்டு போனோம். அதில் ஒன்று, நேரில் போய் நின்றால், குளத்து உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில் இருந்தது. அன்றிலிருந்து எந்த லேயர் வந்தாலும் நாலு இடங்களை, ஒரு கோயில், ஒரு பாலம், ஒரு குளத்து மடை, ஒரு சாலைச் சந்திப்பு என்று எடுத்து, செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

எந்த இடங்களைக் கழிக்க வேண்டும்? எவ்வளவு தூரம்?

2016-இல் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இரண்டு கணக்கு இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், இரைச்சலுக்காக. சாலை, ரயில் பாதை, கட்டடம், உயரழுத்த மின்பாதை இவற்றிலிருந்து கோபுர உயரமும் சுழலி விட்டத்தில் (இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் அகலம்) பாதியும் இன்னும் 5 மீட்டரும். 140 மீட்டர் கோபுரம், 144 மீட்டர் விட்டம் என்றால் 140 கூட்டல் 72 கூட்டல் 5, மொத்தம் 217 மீட்டர். கியூஜிஐஎஸ்ஸில் பஃபர், அதாவது சுற்றிலும் அந்தத் தூரத்துக்கு ஒரு விலக்கு வளையம், போட்டால் ஐந்து நிமிட வேலை.

வீடு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வருவாய்ப் பதிவில் நத்தம் என்று இருக்கும் இடத்துக்கு மட்டும் பஃபர் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் தோட்டத்து வீடு, கிணற்றடி வீடு, கோழிப் பண்ணையை ஒட்டிய வீடு என்று தனித்தனியாக ஆட்கள் வாழ்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கூரையையும் கையால் புள்ளி வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடித்தால், இருபது வருடம் ஒரு குடும்பம் தூக்கம் கெட்டுக் கிடக்கும்.

நிழலையும் பாருங்கள். நம் அட்சரேகையில் வருடம் முழுக்கச் சூரியன் கிழக்கிலிருந்து அதிகம் விலகாமல் எழுந்து மேற்கிலிருந்து அதிகம் விலகாமல் விழுவதால், இறக்கையின் வெட்டு நிழல் காலையில் மேற்குப் பக்க வீட்டிலும் மாலையில் கிழக்குப் பக்க வீட்டிலும் விழும். தெற்கிலும் வடக்கிலும் இருக்கும் வீடுகளுக்குத் தொல்லை மிகக் குறைவு.

ராணுவ, விமான அனுமதி தனி. இறக்கை நுனி 212 மீட்டர் உயரத்துக்குப் போகிறது அல்லவா? பல்லடம் பக்கம் சூலூர் விமானப்படைத் தளமும், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மனும் இருப்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

கழித்தபின் மிஞ்சியதில் எது மேல் என்று எப்படித் தீர்மானிப்பது?

ஒவ்வொரு லேயருக்கும் மதிப்பெண் கொடுத்து, அதற்கு ஓர் எடை வைத்துக் கூட்டுவது வழக்கம். காற்றுக்கு 40, மின்நிலையத் தூரத்துக்கு 25, சாலைக்கு 15, சரிவுக்கு 10, மண்ணுக்கு 10 என்பது போல. எடைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடுக்கத் தாமஸ் சாட்டி 1970-களில் வகுத்த முறை பாடத்திட்டத்தில் இருக்கும். அதில் வரும் முரண் விகிதம் 0.1-க்குள் இருந்தால் சரி என்பார்கள்.

என் கருத்து: இந்த எண்களுக்குப் பின்னால் ரொம்ப ஒளிந்துகொள்ள வேண்டாம். எடைகளைக் கொஞ்சம் மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை ஓட்டிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் மேலேயே நிற்கிற இடங்கள் சில இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்புங்கள்.

வரைபடத்தில் தரிசு என்று காட்டுகிறது. அப்படியென்றால் காலி நிலம்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் கவலையும் இதுதான்.

தரிசு என்ற ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று அர்த்தத்தில் சொல்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு, படம் எடுத்த அன்று பச்சை இல்லையென்றால் தரிசு. வருவாய்த் துறைக்குத் தரிசு என்பது ஒரு வகைப்பாடு: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அரசு நிலத்துக்குப் பதிவேட்டில் எழுதுவது. விவசாயிக்கோ, இந்த வருடம் மழை ஏமாற்றியதால் விதைக்காமல் போட்டிருக்கிற நிலம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் திட்டம் ஊரோடு மோதும்.

கயத்தாறு, ஒட்டப்பிடாரம், கோவில்பட்டிக் கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து, தை மாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும். அதன்பிறகு ஆவணி வரை வெறுங்கரிசல்தான், வெடிப்பு விட்டுக் கிடக்கும். மேகம் இல்லாத தெளிவான படம் வேண்டும் என்று மார்ச், ஏப்ரல், மே மாதப் படத்தை எடுத்து வகைப்படுத்துகிறவர்கள் இந்த நிலம் முழுவதையும் தரிசு என்று குறித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பத்தின் வருடச் சாப்பாடு அங்கே விளைகிறது. படத்தில் அதற்கு ஒரு பழுப்பு நிறம், அவ்வளவுதான்.

குளமும் இப்படித்தான். நெல்லைச் சீமையின் மானாவாரிக் குளங்கள் வடகிழக்குப் பருவமழையில்தான் நிறையும். ஜூன் மாதத்தில் உள்வாய் காய்ந்து, கருவேலம் முளைத்து, மாடு மேயும். ஜூனில் போய்ப் பார்த்துவிட்டு நல்ல மட்டமான பூமி என்று சொன்னவர்கள், டிசம்பரில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்துத் திகைத்ததை நேரில் கண்டிருக்கிறேன்.

இதற்குத் தீர்வு கடினமே இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-இலிருந்து 10 மீட்டர் தெளிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே இடத்துக்கு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். ஒரு வருடம் போதாது. மழை பொய்த்த வருடமும் கொட்டிய வருடமும் சேர்ந்து வரும்படி ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். ஐந்தில் மூன்று தை மாதங்களில் பச்சை தெரிந்தால் அது விளைநிலம். ஜனவரியில் தண்ணீர் மினுங்கினால் அது குளம், பதிவேடு என்ன சொன்னாலும் சரி.

அப்புறமும் வரைபடத்துக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது: மேய்ச்சல். அறுவடை முடிந்த புஞ்சையில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல், நிலத்துக்காரருக்கு எரு. இதற்குப் பட்டாவும் இல்லை, பதிவும் இல்லை. காற்றாலைக்குப் போடும் பாதையில் கேட் வைத்துப் பூட்டிவிட்டால் அந்த ஆடுகள் போகிற வழி அடைபடும். நான் இப்போது என் கோப்பில் மேய்ச்சல் என்று ஒரு லேயரே வைத்திருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டு, கையால் வரைந்த கோடுகள்தான் அதில் இருக்கின்றன. தரவுத்தளம் எதிலும் அது கிடைக்காது.

புல எண்ணும் பட்டாவும் இந்த வேலையில் எங்கே வருகிறது?

இடங்கள் ஐம்பதாகக் குறைந்த பிறகு. கிராம வரைபடத்தையும் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தையும் கணினியில் ஏற்றி, மூலைக் கற்களை ஜி.பி.எஸ்ஸால் பிடித்துப் பொருத்த வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில்.

அ-பதிவேட்டில் குறிப்புப் பத்தியை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். கோயில் நிலம், பூமிதான நிலம், நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம் எல்லாம் சிக்கல் தரும். பஞ்சமி நிலம் பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1892-இல் தொடங்கிய ஏற்பாடு. மற்றவர்களுக்குக் கைமாற்ற வழியில்லை. அது தெரிந்ததும் அந்தப் புல எண்ணை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். எப்படியாவது முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

பறவைகளுக்கு என்ன லேயர்?

சரணாலய எல்லையைச் சுற்றிப் பஃபர் போடுவது முதல் படி. ஆனால் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் தங்கும் பறவை கூந்தன்குளத்தில் மட்டும் இரை தேடுவதில்லை. விடிகாலையில் கிளம்பிச் சுற்றுவட்டாரக் குளங்களுக்குப் போய், இருட்டுவதற்குள் கூட்டுக்குத் திரும்பும். ஆகவே குளங்களை இணைக்கும் கோடுகளையும் வரைய வேண்டும். எந்தக் குளத்திலிருந்து எந்தக் குளத்துக்கு என்பது கூந்தன்குளம் ஊர்மக்களுக்கு நன்றாகத் தெரியும். தலைமுறையாகத் தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்ட விட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

இலங்கையில் மன்னார்த் தீவும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2020-இல் அங்கே 30 காற்றாலைகளோடு தம்பபவனி பண்ணை வந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதை அது என்று சூழலியலாளர்கள் கவலை தெரிவித்தார்கள். பாதைகளும் மேடுகளும் மழைநீர் வடிவதைத் தடுக்கின்றன என்று ஊர்மக்கள் குரல் எழுப்பினார்கள். நில உயரத் தரவிலிருந்து நீரோடும் வழியைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பாதையும் எந்த ஓடையைக் குறுக்கே வெட்டுகிறது என்று பார்ப்பது அரை நாள் வேலை. தட்டையான நிலத்தில் அரை மீட்டர் மேடு கூட ஒரு தெருவில் தண்ணீரைத் தேக்கிவிடும்.

மின்பாதையும் சாலையும்?

மின்நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதில் இடம் இருக்க வேண்டும். மின்வாரியத்திடம் கேட்காமல் எந்தப் புள்ளிக்கும் முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள். சாலையில், 70 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய வண்டி திரும்புமா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பல ஊர்களுக்குச் சாலையே குளத்தங்கரை மேல்தான் போகும். அந்தக் கரை கிரேனைத் தாங்காது.

ஒரு காற்றாலைக்கு எத்தனை ஏக்கர்?

இடைவெளியும் நிலமும் வேறு வேறு. தமிழ்நாட்டில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு, காற்றுக்குக் குறுக்கே சுழலி விட்டத்தைப் போல் 5 மடங்கு, காற்றின் திசையில் 7 மடங்கு. 144 மீட்டர் விட்டத்துக்கு 720 மீட்டரும் 1,008 மீட்டரும். ஏறக்குறைய 179 ஏக்கர் பரப்பு. ஆனால் அடித்தளம், கிரேன் நிற்கும் தளம், பாதை இதற்கெல்லாம் சேர்த்து நிரந்தரமாகப் போவது சில ஏக்கர்தான். நடுவில் உழலாம், மேய்க்கலாம். கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் என்பதால் அங்கே அடித்தளச் செலவு கூடும். செம்மண் அந்தத் தொல்லை தராது.

நல்ல இடத்தையெல்லாம் பழைய காற்றாலைகள் பிடித்துக்கொண்டனவே?

உண்மை. தொண்ணூறுகளில் வந்த 250 கிலோவாட் எந்திரங்கள் கணவாயின் சிறந்த இடங்களில் நிற்கின்றன. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் 2024-இல் தமிழக அரசு கொள்கை கொண்டுவந்தது. புது நிலத்தைத் தேடி விளைநிலத்துக்குள் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். வரைபடத்தில் சிக்கல் ஒன்றுதான்: பெரிய எந்திரத்துக்கு இடைவெளி அதிகம் வேண்டும், ஆனால் நிற்கிற பத்துக்கும் பத்து உரிமையாளர்கள். பத்து பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, மூன்று எந்திரம், பங்கு இவ்வளவு என்று பேச வேண்டும். மேஜை மேல் ஒரு தெளிவான வரைபடம் இருந்தால் அந்தப் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

வரைபடம் நன்றாக இருக்கும்போது தனியாகக் கோபுரம் நட்டுக் காற்றை அளக்க வேண்டுமா?

கட்டாயம். குறைந்தது ஒரு முழு வருடம். நம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அந்த ஐந்து மாத அளவை மட்டும் காட்டி யாராவது சராசரி சொன்னால் அது ஊதிப் பெருக்கிய எண். ஒரு வருட அளவை ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ.5 போன்ற நீண்டகாலத் தரவோடு இணைத்து, அந்த வருடம் நல்ல வருடமா மோசமான வருடமா என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் நிலத்தைக் கேட்டு ஏஜென்ட் வந்திருக்கிறார். நாங்கள் எதைப் பார்ப்பது?

முதலில் கே.எம்.இசட். கோப்பு, அதாவது இடங்களைக் குறித்த வரைபடக் கோப்பு கேளுங்கள். காற்றாலை நிற்கும் புள்ளி, பாதை, மின்கம்பம் போகும் வழி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, போனில் கூகுள் எர்த் போட்டுத் திறந்தால் உங்கள் வயல் மேலேயே தெரியும். வீட்டிலிருந்து அந்தப் புள்ளிக்கு அளவுகோலால் அளந்து பாருங்கள், 500 மீட்டர் இருக்கிறதா என்று. பாதை உங்கள் கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவில் போகிறதா, மடை வாய்க்காலை வெட்டுகிறதா, மின்கம்பம் பக்கத்துப் புல எண்ணில் விழுகிறதா, அந்த நிலத்துக்காரரிடம் பேசினார்களா என்று பாருங்கள்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வயலில் போய் அந்தப் புள்ளியிலேயே நில்லுங்கள். வீட்டில் விவசாயம் பார்க்கிற எல்லாரையும், ஆடு மேய்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு முறை ராதாபுரம் பக்கம் ஒரு அம்மா, நாங்கள் வைத்திருந்த புள்ளியைப் பார்த்துவிட்டு, "இது வழியாத்தான் தம்பி ஐப்பசில தண்ணி இறங்கும்" என்றார். எங்கள் நீரோட்ட லேயரில் அந்த ஓடை இல்லை. புள்ளியை நூற்றைம்பது மீட்டர் தெற்கே தள்ளினோம். ஏஜென்ட் கோப்பைத் தரவில்லை, பிறகு பார்க்கலாம் என்கிறார் என்றால், அது கைக்கு வரும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.